நூற்றெண்பது நாளுக்கு மேல்

உட்காருங்கள் தோழர், இடம் இருக்கிறது. பையை மேலே வைக்காதீர்கள். இந்தப் பேருந்தில் மேலே வைத்தது தலையில்தான் இறங்கும். மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தோழர் என்றதும் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் யாரையும் சார் என்று கூப்பிட்டதில்லை. மில் முதலாளியையே பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்த்ததில்லை, அது வேறு விஷயம்.

பையில் கம்ப்யூட்டரா? அதில் என்ன வேலை பார்க்கிறீர்கள்? அறிக்கை தயாரிக்கிற வேலையா? எண்களை வரம்பு வரம்பாகப் பிரித்து, இதிலிருந்து இதுவரை இத்தனை பேர் என்று கட்டம் போடுகிற வேலை. அப்படியா. ஒரு வருடமாக உங்கள் ஆட்களில் ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். பயப்படாதீர்கள். ஊர் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை, கேட்டால் போதும்.

கொஞ்சம் மெதுவாகத்தான் பேசுவேன். முன்னால் மூன்றாவது சீட்டில் பச்சைச் சேலை தெரிகிறதா, அது என் துணைவி சுடலைவடிவு. முட்டி வைத்தியத்துக்கு வருகிறாள். திங்கட்கிழமைதோறும் அவள் ஆஸ்பத்திரிக்கு, நான் ஆட்சியர் அலுவலகத்துக்கு. இந்தக் கவரை அவள் பார்த்துவிடக் கூடாது. சட்டைக்குள் வைத்திருக்கிறேன், அதனால்தான் நெஞ்சில் கை வைத்துப் பேசுகிறேன். மாரடைப்பு ஒன்றும் இல்லை.

என் பெயர் அய்யாத்துரை. நூல் மில்லில் நாற்பத்தேழு நாள் வேலைநிறுத்தம் நடந்ததே, அது என் தலைமையில் நடந்தது. கேள்விப்பட்டதில்லையா? யாரும் கேள்விப்பட்டதில்லை. இப்போது மே தினத்துக்குக்கூட என்னை மேடைக்குக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் நான் இறங்க மாட்டேனாம். நான் பள்ளிக்கூடம் போகவில்லை. எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தது துண்டறிக்கை. மற்றவர்களுக்கு அ என்றால் அம்மா, ஆ என்றால் ஆடு. எனக்குக் க என்றால் கண்டிக்கிறோம், கோ என்றால் கோருகிறோம்.

மில் மூடிய பிறகு எனக்கு மிஞ்சியது குறைதீர் நாள்தான். திங்கட்கிழமை வந்தால் ஒரு மனு. தண்ணீர் வரவில்லை, மனு. தண்ணீர் கலங்கி வருகிறது, மனு. தண்ணீர் சரியாக வருகிறது, இத்தனை நாள் வராததற்கு விளக்கம் கேட்டு மனு. அதில் முக்கியமானது எங்கள் தெருமுனையில் சாக்கடை ஓடுகிற வாறுகால். அதன் மேல் போட்டிருந்த சிமெண்ட் சிலாப்பு உடைந்து விழுந்து நான்கு வருடம் ஆகிறது. அதைத் தாண்டி ஆட்டோ உள்ளே வராது. சுடலைவடிவு முட்டியைப் பிடித்துக்கொண்டு மெயின் ரோடு வரை நடக்க வேண்டும். குறுக்கே ஒரு தென்னை மட்டையைப் போட்டு வைத்திருக்கிறோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு அதில் காலை வைப்பாள். இரண்டு முறை விழுந்துவிட்டாள். அந்தச் சிலாப்புக்காக மட்டும் மாதம் தவறாமல் மனு கொடுத்தேன். மாதம் தவறாமல். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

போன வருடம் ஆட்சியர் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் அறிக்கை வந்தது. தகவல் பலகையில் ஒட்டினார்கள். மனுதாரர் வாரியாக, கொடுத்த மனுக்களின் எண்ணிக்கை. ஒன்று முதல் ஐந்து மனு வரை கொடுத்தவர்கள் எட்டாயிரத்துச் சொச்சம் பேர். ஆறு முதல் இருபத்தைந்து, அறுநூறு பேர். இருபத்தாறு முதல் நூறு, நாற்பத்து மூன்று பேர். நூறுக்கு மேல், இரண்டு பேர்.

இரண்டு பேர்.

நான் நானூற்றுப் பன்னிரண்டு கொடுத்தவன் தோழர். என்னோடு அந்தக் கட்டத்தில் இன்னொருவன் யார்?

கம்ப்யூட்டர் பிரிவில் ஷகிலா பானு என்று ஒரு பெண். ஒப்பந்தப் பணியாளர். அதற்கும் ஒரு போராட்டம் நடத்தலாம் என்று சொன்னேன், ஐயா தயவு செஞ்சு வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டாள். அவளிடம் கேட்டேன். தட்டிப் பார்த்துச் சொன்னாள். குருசாமி.

குருசாமியைத் தெரியாதா உங்களுக்கு? பெருமாள் கோயில் தெருவில் இருக்கிறான். தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். மனு என்றால் பணிவுடன் என்று தொடங்கி, தாழ்மையுடன் என்று நடுவில் வளைந்து, நன்றியுடன் என்று முடிப்பான். முதுகெலும்பு இல்லாத தமிழ். அவன் கொடுத்தது எத்தனை என்றேன். நூற்றொன்று என்றாள்.

நூற்றொன்றும் நானூற்றுப் பன்னிரண்டும் ஒரே கட்டத்தில். நீங்களே சொல்லுங்கள். இது கணக்கா, அவமானமா?

அவளிடம் பொறுமையாக விளக்கினேன். முதல் கட்டத்தின் அகலம் ஐந்து. இரண்டாவது இருபது. மூன்றாவது எழுபத்தைந்து. கடைசிக் கட்டத்துக்கு அகலமே இல்லை, கூரையும் இல்லை. ஐந்து மனு கொடுத்தவனுக்கு நான்கு சுவரும் கதவும் வைத்து வீடு. எங்களை மட்டும் வெட்டவெளியில் நிறுத்துவீர்களா? எல்லாக் கட்டத்தையும் ஐந்து ஐந்தாகப் போடு என்றேன்.

அவள் அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள், கெட்டிக்காரி. "ஐயா, அஞ்சஞ்சாப் போட்டா எண்பத்து மூணு கட்டம் வரும். முக்காவாசி பூஜ்யம். நூத்தியாறுலேர்ந்து நானூத்திப் பத்து வரைக்கும் ஒரு ஆளு கெடையாது. கடைசிக் கட்டத்துல நீங்க மட்டும் இருப்பீங்க. பேப்பர்தான் வீண்."

வீணா? அந்தப் பூஜ்யங்கள் வீணா? ஒரு மனிதன் எத்தனை ஆளில்லாத படிகளைத் தாண்டித் தனியாக ஏறிப் போயிருக்கிறான் என்று ஊர் பார்க்க வேண்டாமா? கேட்டேன். "ஐநூறு வரட்டும் ஐயா, ஐநூறுக்கு மேலன்னு தனிக் கட்டம் போட்டுத் தாரேன்" என்று சிரித்தாள். அவள் சிரித்தாள், நான் குறித்துக்கொண்டேன். இன்னும் எண்பத்தெட்டு.

ஆனாலும் சும்மா விடவில்லை. தனிக் கட்டம் கோரி ஆட்சியர் அலுவலக வாசலில் ஆர்ப்பாட்டம் அறிவித்தேன். துண்டறிக்கை ஐந்நூறு அடித்தேன். போலீஸ் கணக்கில் மூன்று பேர் வந்தார்கள். அவர்கள் எப்போதும் குறைத்துத்தான் சொல்வார்கள். நான்கு பேர். நான்காமவர் சாதிச் சான்றிதழ் வாங்க வந்தவர், ஆனாலும் எங்கள் நிழலில் வெகுநேரம் நின்றார். மில்லில் என்னோடு வேலை பார்த்த மரகதம் தோழர் கொடியைப் பிடித்துக்கொண்டு, "மேலே கீழேன்னு பிரிவினையே கூடாதுன்னு நாப்பது வருஷமா முழங்குனது நீங்கதான தோழர்? இப்ப உங்களுக்குத் தனியா ஒண்ணு கேக்கீங்களே?" என்றாள். அவளுக்குத் தத்துவம் பிடிபடாது. சமத்துவம் என்பது இல்லாதவனுக்கும் இருப்பவனுக்கும் இடையில் வேண்டியது. குருசாமிக்கும் எனக்கும் இடையில் எதற்கு? அவள் கொடியைச் சுருட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

புளியம்பட்டி வந்துவிட்டது. வெயில் உங்கள் பக்கம் வரும், இப்படி நகர்ந்து உட்காருங்கள். உங்கள் பைக்குத்தான் எத்தனை ஜிப்பு. பக்கத்து ஜிப்பு திறந்து கிடக்கிறதே, கவனிக்கவில்லையா? இருங்கள், நான் மூடிவிடுகிறேன். ஆயிற்று.

எங்கே விட்டேன்? குருசாமி. ஒரு நாள் பெருமாள் கோயில் தெரு வழியாக நடந்து போகிறேன். அவன் வீட்டு வாறுகால் மேல் புதுச் சிலாப்பு. சிமெண்ட் வாடை போகாத புதுச் சிலாப்பு. அதன் மேல் குருசாமி நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிக்கிறான். எத்தனை மனு கொடுத்தாய் என்று கேட்டேன். "இதுக்கா தோழரே? ஒண்ணுதான் குடுத்தேன். குடுத்ததே மறந்து போச்சு. இவங்க வந்து தோண்டும்போதுதான் ஞாபகம் வந்துச்சு." தோழரே என்கிறான். தபால்காரனுக்கு நான் எப்படித் தோழர் ஆனேன்?

நேரே ஷகிலா பானுவிடம் போனேன். ஊழல் என்று மேஜையைத் தட்டினேன். அவள் தண்ணீர் கொடுத்தாள். பிறகு இன்னொரு அறிக்கையைத் திறந்து காட்டினாள். அது மனுவின் வயது வாரியாகப் போட்ட அறிக்கை. முப்பது நாளுக்குள் என்றால் பச்சை. முப்பத்தொன்று முதல் தொண்ணூறு வரை மஞ்சள். தொண்ணூற்றொன்று முதல் நூற்றெண்பது வரை ஆரஞ்சு. நூற்றெண்பது நாளுக்கு மேல் சிவப்பு. கலெக்டர் பச்சையைப் பார்க்க மாட்டார், மஞ்சளைப் பார்க்க மாட்டார். திங்கட்கிழமை காலையில் சிவப்பை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அதிகாரியாக எழுப்பிக் கேட்பார். சிவப்பில் வந்தது பத்து நாளில் முடிந்துவிடும். குருசாமி மறந்துபோன மனு அப்படியே கிடந்து, மூத்து, சிவந்து, சிலாப்பாகிவிட்டது.

சரி, நான்கு வருடமாகக் கேட்கிற என் சிலாப்பு எந்தக் கட்டத்தில் என்றேன்.

"பச்சை" என்றாள்.

இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். அவள் சொன்னாள். "ஒரே ஆளு ஒரே விஷயத்துக்குத் திரும்பக் குடுத்தா, பழசு புதுசோட சேந்துரும் ஐயா. தேதி புதுசோட தேதிதான். நீங்க மாசாமாசம் குடுக்கீங்க. உங்க மனுவுக்கு முப்பது நாள் தாண்டினதே இல்ல. எண்ணிக்கையில நீங்கதான் மாவட்டத்துலயே முதல். வயசுல உங்க சிலாப்பு இன்னும் தொட்டில்ல கெடக்கு."

நானே என் சிலாப்பைத் தாலாட்டிக்கொண்டிருந்தேன் என்கிறாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. போராடுகிறவனைத் தண்டித்து, மறந்து போகிறவனுக்குப் பரிசு கொடுக்கிற கட்டங்களை வகுத்தது யார்? உங்கள் ஆட்கள். உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

வழி என்ன என்று கேட்டேன். சிலாப்பைப் பற்றி நூற்றெண்பது நாள் ஒரு வார்த்தை எழுதிக் கொடுக்காதீர்கள் என்றாள். வேறு விஷயத்துக்குக் கொடுக்கலாமா என்றேன். அன்றைக்குப் பார்த்து முட்டியைப் பிடித்தபடி சுடலைவடிவும் கூட வந்திருந்தாள். "வேற விஷயமும் வேண்டாம். இவுக தெருவிளக்குன்னு ஆரம்பிச்சாலும் மூணாவது வரியில சிலாப்புல வந்து நிப்பாக. ஆறு மாசம் பேனாவ நான் வச்சிக்கிடுதேன்." வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

நாற்பத்தேழு நாள் வேலைநிறுத்தம் செய்தவன் நான். அது ஒன்றுமே இல்லை. ஆறு மாதம் மனு கொடுக்காமல் இருப்பதற்கு என்ன பெயர் சொல்வது? மௌனப் போராட்டம் என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்த பிறகு கொஞ்சம் தாங்க முடிந்தது. திங்கட்கிழமை வந்தால் கை சட்டைப் பையில் பேனாவைத் தேடும். ஆனாலும் போவேன். மனு கொடுக்க அல்ல, பார்க்க. ஷகிலா பானு ஜன்னல் வழியாகத் திரையைத் திருப்பிக் காட்டுவாள். ஐந்தாவது வாரம் மஞ்சள். அன்றைக்குச் சுடலைவடிவு கேசரி செய்தாள். பதின்மூன்று வாரத்தில் ஆரஞ்சு. சமைந்த பெண்ணைப் பார்ப்பதுபோல இருவரும் நின்று பார்த்தோம். ஆட்டோ ஓட்டுகிற முத்துக்குமரனிடம் அவள் போய், மூன்று மாதம் போனதும் வாசலுக்கே வந்துவிடு என்று சொல்லியும் வைத்துவிட்டாள்.

அங்கேதான் நடந்தது துரோகம்.

கணக்கைக் கேளுங்கள். திங்களன்று கொடுத்த மனு. நூற்றெண்பது நாளைத் தாண்டி வருகிற முதல் திங்கள் நூற்றெண்பத்திரண்டாவது நாள். சரியா? அன்றைக்குச் சிவப்பு. அன்றைக்கு என் மௌனப் போராட்டம் முடிகிறது. ஒரு போராட்டத்தைத் தொடங்கவோ முடிக்கவோ பதினான்கு நாள் முன்னறிவிப்புக் கொடுக்காமல் இருக்கலாமா? மில்லில் ஒரு தடவைகூட நான் அப்படிச் செய்ததில்லை. முன்னறிவிப்பு இல்லாத போராட்டம் கலவரம். நான் கலவரக்காரன் அல்ல. ஆகவே நூற்று அறுபத்தெட்டாவது நாள், சட்டப்படி, முறைப்படி, ஆட்சியருக்கு அறிவிப்புக் கொடுத்தேன். அங்காளம்மன் கோயில் தெரு வாறுகால் சிலாப்பு தொடர்பாக நான் மேற்கொண்டுள்ள மௌனப் போராட்டம் இன்றிலிருந்து பதினான்காம் நாள் நிறைவடைகிறது என்பதை இதன்மூலம் அறிவிக்கிறேன். கடன் வாங்கிய பேனாவில் நான்கே வரி. என் வாழ்க்கையில் எழுதியதிலேயே மிகவும் அடக்கமான எழுத்து.

அன்றைக்கு ஷகிலா பானு விடுப்பு. கவுண்டரில் வேறு ஒருவர். வாங்கினார், படித்தார், விஷயம் என்கிற இடத்தில் வாறுகால் சிலாப்பு என்று தட்டினார். ரசீது கொடுத்தார்.

பச்சை.

அடுத்த வாரம் ஷகிலா பானு திரையைத் திருப்பிக் காட்டவே இல்லை. "ஏன் ஐயா?" என்று மட்டும் கேட்டாள். பதினான்கு நாள் விதியை விளக்கினேன். அவள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தலைமுறைக்குத் தொழிற்சங்கச் சட்டம் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. அவளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? நான் தவறு செய்யவில்லை. அவர்கள் தவறாகப் பதிந்தார்கள். அறிவிப்பு வேறு, மனு வேறு. ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும்.

வீட்டில்தான் விளக்க முடியவில்லை. சுடலைவடிவு கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. முட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள். "சிலாப்பு வேண்டாம். நீங்க போயி வாறுகாலுக்குக் குறுக்க படுத்துக்கிடுங்க. நான் உங்க மேல மிதிச்சுத் தாண்டிக்கிடுதேன்." அன்றைக்கு அவளுக்கு மூன்றாவது முறை கால் சறுக்கியிருந்தது. எனக்குச் சொல்லவில்லை. மரகதம் சொல்லித்தான் தெரியும்.

அது எனக்கு, வந்து, சரி. அதை விடுங்கள்.

மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம். மறுபடியும் பச்சை, மஞ்சள். இந்த முறை கேசரி இல்லை. இப்போது ஆரஞ்சு. எண்ணிக்கை அந்த அறிவிப்போடு நானூற்றுப் பதின்மூன்றில் நிற்கிறது. அதற்கு மட்டும் தவறில்லாமல் சேர்த்துக்கொண்டார்கள் பாருங்கள். இதற்கிடையில் குருசாமி நூற்று நாற்பதைத் தாண்டிவிட்டானாம். தாண்டட்டும். ஐந்நூறுக்கு எண்பத்தேழு போதும் எனக்கு.

இன்றைக்கு எத்தனையாவது நாள் தெரியுமா? நூற்று அறுபத்தெட்டு.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நீங்களும் ஷகிலா பானு மாதிரியே பார்க்கிறீர்கள். முழுவதும் கேளுங்கள். நான் ஒரே பள்ளத்தில் இரண்டு முறை விழுகிறவன் அல்ல. இந்த முறை கவரின் மேலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். இது மனு அல்ல. அடிக்கோடு இரண்டு. பிறகு எப்படிப் பதிவார்கள்? ஒரே சிக்கல், நான் கவுண்டர் பக்கம் போனால் அவளுக்குத் தெரிந்துவிடும். இன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகாமல் என்னோடு ஆட்சியர் அலுவலகத்துக்கே வருகிறேன் என்கிறாள். என்ன நாள் என்று அவளும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆகவே நீங்கள் கொடுத்தால் போதும். உங்கள் அலுவலகமும் அதே ரோட்டில்தானே. இரண்டு நிமிட வேலை.

உங்கள் பெயரில் கொடுத்துவிடலாமே என்கிறீர்களா? வேறு ஆள் பெயரில் வந்தால் என்னுடையதன் தேதி மாறாது என்பது எனக்கும் தெரியும். அது எப்படி முடியும் தோழர்? எண்ணிக்கை உங்களுக்குப் போய்விடுமே.

கொஞ்சம் இருங்கள். எழுந்து வருகிறாள்.

வா வடிவு, உட்கார். இவர் கம்ப்யூட்டர் தோழர், ஊர் நிலவரம் பேசிக்கொண்டிருந்தோம். நெஞ்சிலா? நெஞ்சில் ஒன்றும் இல்லையே. சளி.

"தம்பி, இவுக ஒரு மணி நேரமா நெஞ்சப் பிடிச்சிட்டுப் பேசுதாக. சளி காகிதம் மாதிரி சரசரங்குமா?"

கொடுத்துவிட்டேன், பார்த்தீர்கள் அல்லவா, நீங்களே சாட்சி. மனமுவந்து கொடுத்துவிட்டேன். வடிவு, கம்பியைப் பிடித்துக்கொண்டு போ, வேகத்தடை வருகிறது. பார்த்துப் போ.

போய்விட்டாள். இடுப்பில் செருகிக்கொண்டாள். இதுதான் எதேச்சாதிகாரம். வீட்டுக்குள்ளேயே.

பதறாதீர்கள் தோழர். மில் காலத்திலிருந்து எந்த அறிவிப்பையும் நான் மூன்று நகல் இல்லாமல் எழுதியதில்லை. ஒன்று அவளிடம் போய்விட்டது. ஒன்று வீட்டுக் கோப்பில் இருக்கிறது. மூன்றாவது உங்கள் பையின் பக்கத்து ஜிப்பில் இருக்கிறது. புளியம்பட்டியிலேயே வைத்துவிட்டேன். திறக்காதீர்கள், திரும்பிப் பார்க்கிறாள். இதோ ஸ்டாப் வந்துவிட்டது. கவுண்டர் மூன்று, ஷகிலா பானு என்று கேளுங்கள். இது மனு அல்ல என்று வாயாலும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். தேதியை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம்.